வீட்டில் கிளிசரின் சோப்பு: எண்ணெயும் பூவும் வேரும் பயன்படும் வகை

தென்னை, நிலக்கடலை, எள், ஆமணக்கு முதலிய எண்ணெய் வித்துக்களைப் பயிரிடும் குடியானவர்களிற் பெரும்பாலோர் தங்கள் விளைவைத் தேங்காயாகவோ, கொப்பரையாகவோ, பயறாகவோ விற்றுவிடுகின்றனர். அவ்வித்துக்களின் எண்ணெய் பல கைகள் மாறிச் சோப்பாக உருவெடுத்து, வர்ணக் காகிதம் சுற்றப்பெற்று, அதே கிராமத்துக் கடைக்குத் திரும்பி வருகிறது. திரும்பி வரும்போது அது முழுமையாக வருவதில்லை. சோப்புக் காய்ச்சும்போது எண்ணெயிலிருந்து பிரியும் கிளிசரின் என்னும் உயர்ந்த பொருளைப் பெரிய ஆலைகள் தனியே வடித்தெடுத்து, மருந்துக்கும் அழகுச் சாமான்களுக்கும் நல்ல கிரயத்துக்கு விற்றுவிடுகின்றன.

பூக்களின் நிலையும் இதை ஒத்ததே. செண்டுமல்லி எனப்படும் துலுக்கச் சாமந்தி, வரத்து மிகுந்து விலை சரியும் நாட்களில், பறிகூலிக்கும் கட்டாமல் குப்பையில் கொட்டப்படுவதுண்டு. வெட்டிவேரில் கட்டுக்கு உதவாத துண்டுகள் வீணாகின்றன. இவற்றை வீட்டிலுள்ள ஸ்திரீகள் ஓய்வு நேரத்தில் பயன்படுத்தி, உள்ளே பூவும் வேரும் தெரியும்படியான கண்ணாடி போன்ற கிளிசரின் சோப்புச் செய்வது கடினமன்று. ஆயினும் இத்தொழிலில் அழகைக் காட்டிலும் அளவே முக்கியம். அளவு தவறிய சோப்பு, பார்வைக்கு எவ்வளவு அழகாயிருப்பினும், தோலைப் புண்ணாக்கும். ஈரம் உலராத பூவை இட்ட சோப்பு ஒரு மாதத்திற்குள் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஆகையால் இதைத் தொடங்குவோர் தராசையும் உலர்த்தும் தட்டையும் முதலிலும், அச்சையும் வாசனையையும் பிறகும் தேடுவது உசிதம்.

கிளிசரின் என்பது யாது?

எண்ணெய் எதுவாயினும் அது கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் கூடிய ஒரு சேர்க்கை. அதனுடன் காஸ்டிக் சோடா என்னும் காரம் சேரும்போது, அமிலங்கள் காரத்துடன் கூடிச் சோப்பு ஆகின்றன. கிளிசரின் தனியே விடுபடுகிறது. ஸ்வீடன் தேசத்து ரசாயன வல்லுநரான ஷீலே என்பவர் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆலிவ் எண்ணெயிலிருந்து இனிப்பான இந்தத் திரவத்தை முதன்முதல் பிரித்தறிந்தார். பிரெஞ்சு நாட்டு ஷெவ்ரல் என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழுப்பின் அமைப்பை ஆராய்ந்து விளக்கி, இனிப்பு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று இதற்குக் கிளிசரின் என்று பெயரிட்டார்.

நூறு பங்கு எண்ணெயிலிருந்து ஏறக்குறைய 10 முதல் 14 பங்கு வரை கிளிசரின் கிடைக்கும். நிலக்கடலை எண்ணெயில் இது 10 பங்கை ஒட்டியும், தேங்காயெண்ணெயில் 14 பங்கை ஒட்டியும் இருக்கும். காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுத்து வைத்துக்கொள்வது கிளிசரினின் குணம். தோலின் மீது அது தங்கும்போது வறட்சி குறைகிறது. இதே குணமே மழைக்காலத்தில் இச்சோப்பு வியர்ப்பதற்கும் காரணமாகும். அதற்குப் பரிகாரம் பின்னர்க் கூறப்படும்.

வீட்டில் காய்ச்சாமல் செய்யும் சோப்பில் கிளிசரினைப் பிரிப்பதில்லையாகையால், அது முழுவதும் கட்டியிலேயே தங்குகிறது. வீட்டுச் சோப்பின் உண்மையான அனுகூலம் இதுவே.

கண்ணாடிச் சோப்பின் இரு வழிகள்

ஒளி ஊடுருவும் சோப்புப் புதிதன்று. லண்டன் நகரில் ஆண்ட்ரூ பேர்ஸ் என்பவர் 1807-ஆம் ஆண்டிலேயே இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இந்தியாவில் சோப்புத் தொழிலை விஞ்ஞான முறையில் கற்பிக்கவேண்டி, அக்காலத்துச் சென்னை ராஜதானியின் சர்க்கார் 1914-இல் கோழிக்கோட்டில் கேரளா சோப் இன்ஸ்டிட்யூட் என்னும் ஸ்தாபனத்தை ஏற்படுத்தினர். மைசூர் சமஸ்தானத்திலும் அதே பத்தாண்டில் சந்தனத் தைலத்தைக் கொண்டு சோப்புச் செய்யும் சர்க்கார் தொழிற்சாலை பெங்களூரில் தோன்றியது. தென்னாட்டின் எண்ணெயும் வாசனைச் சரக்கும் தென்னாட்டிலேயே சோப்பாக வேண்டும் என்ற எண்ணம் நூறாண்டுக்கு மேற்பட்டது.

சோப்பைத் தெளிவாக்கும் பழைய முறை, அதைச் சாராயச் சத்தில் கரைத்து, சர்க்கரைப் பாகும் கிளிசரினும் சேர்த்து வார்ப்பதாகும். சாராயச் சத்தின் ஆவி அறை முழுவதும் பரவி, அடுப்பிலுள்ள தீயைத் தூரத்திலிருந்தே பற்றிக்கொள்ளும். அன்றியும் அதை வாங்கவும் வைத்திருக்கவும் சட்டக் கட்டுப்பாடுகள் உள்ளன. ஆகையால் கிராமத்து வீடுகளில் இம்முறையைக் கைக்கொள்ளலாகாது.

வீட்டிற்கு ஏற்றது வேறொரு முறை. தெளிவான கிளிசரின் சோப்புக் கட்டி, ‘சோப் பேஸ்’ என்ற பெயரால் நகரத்து ரசாயனச் சாமான் கடைகளில் கிலோக் கணக்கில் கிடைக்கிறது. இதில் காரம் முன்பே எண்ணெயுடன் கூடி முடிந்துவிட்டபடியால், உருக்கி வார்ப்பதைத் தவிர வேறு ரசாயன வேலை இல்லை. ஆனால் இதை மட்டும் வாங்கி வார்த்து விற்பதனால் குடியானவருடைய எண்ணெய்க்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை; லாபத்தின் பெரும்பகுதி கட்டி விற்பவருக்கே போய்ச் சேரும். எனவே சொந்த எண்ணெயில் வெண்மையான வீட்டுச் சோப்புச் செய்து, அதனைச் சீவியும் வெட்டியும் தெளிவான கட்டிக்குள் பதித்து வார்ப்பது இரண்டின் நன்மையையும் தரும். ஒரு கிலோ அலங்காரச் சோப்பில் 300 கிராம் வரை வீட்டுச் சோப்பாகவே இருக்கலாம்.

எண்ணெயும் காரமும்

எல்லா எண்ணெய்க்கும் ஒரே அளவு காரம் என்று எண்ணுவது இத்தொழிலில் நேரும் தவறுகளுள் மிகவும் கொடியது. ஒவ்வோர் எண்ணெயும் முற்றிலும் சோப்பாவதற்கு வேண்டிய காஸ்டிக் சோடாவின் அளவு வெவ்வேறு. ஒரு கிலோ எண்ணெய்க்கு உத்தேசமாக வேண்டிய அளவு வருமாறு:

தேங்காயெண்ணெய்: 183 கிராம்
பாமாயில்: 141 கிராம்
நிலக்கடலை எண்ணெய்: 136 கிராம்
நல்லெண்ணெய்: 134 கிராம்
ஆமணக்கெண்ணெய்: 128 கிராம்

தேங்காயெண்ணெய்க்கு உரிய அளவை நிலக்கடலை எண்ணெய்க்கு இட்டுவிட்டால், கிலோவுக்கு 47 கிராம் காரம் எண்ணெயுடன் சேராமல் சோப்பிலேயே மிஞ்சி நிற்கும். அச்சோப்பைக் குழந்தையின் உடலில் தேய்ப்பது சுண்ணாம்பைத் தேய்ப்பதினும் கேடு. இக்காரணம் பற்றியே, மேற்கண்ட அளவிலும் நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு வரை குறைத்து இடுவது வழக்கம். சிறிது எண்ணெய் மிஞ்சினால் சோப்பு மென்மையாயிருக்கும். சிறிது காரம் மிஞ்சினாலோ தீங்கு விளையும். ஆனால் 8 பங்குக்கு மேல் எண்ணெயை மிஞ்சவிட்டால், வெயிற்காலத்தில் சோப்பு சிக்குவாடை கொண்டு மஞ்சட்புள்ளி விழும்.

படியாலும் தம்ளராலும் அளப்பது கூடாது. எண்ணெய், தண்ணீர், காரம் ஆகிய மூன்றையும் ஒரு கிராம் வரை காட்டும் தராசில் நிறுக்கவேண்டும்.

வீட்டுச் சோப்புக்குரிய அளவு

தேங்காயெண்ணெய் 600 கிராம், நிலக்கடலை எண்ணெய் 300 கிராம், ஆமணக்கெண்ணெய் 100 கிராம் ஆக ஒரு கிலோ. முன் சொன்ன கணக்கின்படி இதற்கு வேண்டிய காரம் 163 கிராம்; நூற்றுக்கு 7 பங்கு குறைக்க 152 கிராம் ஆகும். தண்ணீர் 320 கிராம். தேங்காயெண்ணெய் நுரையையும் கெட்டித் தன்மையையும் தரும். நிலக்கடலை எண்ணெய் மென்மையைத் தரும். ஆமணக்கெண்ணெய் நுரையை நிலைக்கச் செய்யும். இக்கலவையில் சுமார் 115 கிராம் கிளிசரின் உண்டாகி, சோப்பிலேயே தங்கும்.

காஸ்டிக் சோடா காற்றுப்படாமல் மூடிய டப்பாவிலிருந்து எடுக்கப்பட்டதாயிருக்க வேண்டும். திறந்து கிடந்து ஈரம் ஏறியதில் காரத்தின் வலிவு குறைந்திருக்குமாகையால் கணக்கு ஒத்துவராது. பாத்திரம் எவர்சில்வராகவோ கெட்டியான பிளாஸ்டிக்காகவோ இருக்கவேண்டும். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்துவிடுவதுடன், எளிதில் தீப்பற்றும் வாயுவும் உண்டாகும். ஒருமுறை இதற்கு உபயோகித்த பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்கலாகாது.

செய்முறை

முதலில் தண்ணீரை நிறுத்துப் பாத்திரத்தில் ஊற்றி, அதில் காரத்தைச் சிறிது சிறிதாக இட்டுக் கலக்கவேண்டும். எக்காலத்தும் காரத்தின்மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. ஊற்றினால் திடீரெனக் கொதித்து முகத்தில் தெறிக்கும். கரையும்போது அடுப்பில்லாமலே தண்ணீர் கொதிநிலையை நெருங்கும் அளவுக்குச் சூடேறி, மூக்கை உறுத்தும் ஆவியும் எழும். ஆகையால் இவ்வேலையைத் தாழ்வாரத்திலோ திறந்த முற்றத்திலோ செய்வது நலம். கைக்கு ரப்பர் உறையும், கண்ணுக்குக் கண்ணாடியும், உடல் மறையும் உடையும் வேண்டும். குழந்தைகளும் ஆடுமாடுகளும் அவ்விடத்தில் இருக்கலாகாது.

காரநீர் ஆறி உடற்சூட்டை ஒட்டி, அதாவது 40 டிகிரி அளவில் வந்ததும், அதே சூட்டிலுள்ள எண்ணெயில் மெல்லிய தாரையாக ஊற்றிக் கலக்கவேண்டும். இடைவிடாது கலக்கிவரக் கலவை கெட்டிப்படும். கரண்டியால் எடுத்து மேலே விட்டால் விழுந்த கோடு சிறிது நேரம் மறையாமல் நிற்பதே பதம். தோசை மாவின் பதம் என்று கொள்ளலாம். கையால் கலக்கின் அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். பதம் வந்ததும் எண்ணெய்க் காகிதம் விரித்த மரப்பெட்டியிலோ பிளாஸ்டிக் தட்டிலோ ஊற்றி மூடி வைக்கவேண்டும். ஒன்றிரண்டு நாளில் கெட்டியாகிவிடும். அப்பொழுதும் கையுறையுடனேயே எடுத்துத் துண்டுபோட்டு, காற்றோட்டமான நிழலில் 4 முதல் 6 வாரம் வரை அடுக்கி உலர்த்தவேண்டும். இக்காலத்தில் மிஞ்சிய நீர் வற்றிச் சோப்பு கெட்டிப்படும்.

உபயோகிக்குமுன் கார அமிலம் காட்டும் தாளைச் சிறிது நனைத்த சோப்பில் ஒற்றிப் பார்க்கவேண்டும். நல்ல சோப்பு 9-க்கும் 10-க்கும் இடைப்பட்ட எண்ணைக் காட்டும். 11 அல்லது அதற்கு மேல் காட்டினால், அல்லது சோப்பின்மேல் நீர்த்துளியும் வெண்கட்டியும் காணப்பட்டால், அதை உடலுக்கு உபயோகிக்காமல் கழித்துவிட வேண்டும்.

காரம் பட்டால் செய்யவேண்டியவை

காரம் மேலே பட்டவுடன், பட்ட துணியைக் களைந்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிஷம் கழுவவேண்டும். எலுமிச்சஞ்சாறோ காடியோ ஊற்றலாகாது. காரமும் புளிப்பும் சேரும்போது எழும் சூடு புண்ணை அதிகமாக்கும். கண்ணில் தெறித்தால் இமையைத் திறந்துபிடித்து அதே போல் இடைவிடாது கழுவிய பின், தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யக்கூடாது. செய்தால் உணவுக்குழல் மறுமுறையும் வெந்துபோகும். வாயைக் கழுவித் துடைத்து உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லவேண்டும். காரநீர் பார்வைக்குத் தண்ணீரைப் போலவே இருக்குமாதலால், அதைக் குடிநீர்ப் பாட்டிலில் வைப்பதைப் போன்ற அபாயம் வேறில்லை. டப்பாவை எழுத்தால் குறித்துப் பூட்டி வைப்பது அவசியம்.

பூ, இலை, வேர்: எவை ஏற்றவை?

கண்ணாடிச் சோப்பு எதையும் மறைப்பதில்லை. உள்ளே இட்ட பொருள் கெட்டால் வெளியே தெரியும். ஈரமுள்ள பூவும், நறுக்கிய பழமும், பச்சை இலைச்சாறும் இட்ட சோப்பில் சில வாரங்களில் பழுப்பும் பூஞ்சணமும் தோன்றும். எனவே முற்றிலும் உலர்ந்தவற்றையே இடவேண்டும். வெயிலில் உலர்த்தினால் நிறம் மங்குமாகையால், மெல்லிய துணி விரித்த தட்டில் நிழற்காய்ச்சலாக உலர்த்துவதே முறை. கையில் கசக்கினால் நொறுங்க வேண்டும். இன்னும் நிச்சயம் வேண்டுவோர், உலர்ந்த பூவை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் இட்டு இறுக மூடி ஓர் இரவு வைக்கலாம். காலையில் பாட்டிலின் உட்புறம் பனித்திருந்தால், பூ இன்னும் உலரவில்லை என்பது தெளிவு.

எல்லாப் பூவும் சோப்பில் நிறம் காப்பதில்லை. செண்டுமல்லியின் இதழிலுள்ள மஞ்சள் நிறப்பொருள் உறுதியானதாகையால் அது நெடுநாள் நிற்கும். அடிக்காம்பை நீக்கி இதழை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ரோஜா இதழ் சில வாரத்தில் பழுப்பேறும். செம்பருத்தியும் சங்குபுஷ்பமும் காரத்தன்மையில் தம் நிறம் மாறிவிடும். மல்லிகை உலரும்போதே பழுத்துவிடுவதால் அதை இடுவதில் பயனில்லை. அதற்குப் பதிலாக வெண்மையான வீட்டுச் சோப்பைக் காய்கறி சீவும் கத்தியால் மெல்லியதாகச் சீவிச் சுருள்களாக்கிப் பதித்தால், அவை மல்லிகை இதழ் போலவே தோன்றும், வாடுவதுமில்லை.

துளசி, வேம்பு முதலிய இலைகளின் பசுமை வெளிச்சம் பட்டால் மங்கிப் பழுப்பாகும். பொடியாக்கி வீட்டுச் சோப்பில் சிறிது கலப்பது பொருந்தும். மஞ்சள்தூள் காரத்தில் சிவக்கும் என்பது குங்குமம் செய்யும் வீடுகள் எல்லாம் அறிந்ததே. கிலோவுக்கு ஒரு சிட்டிகைக்கு மேல் இட்டால் துண்டுத் துணியில் கறை பிடிக்கும். நீல நிறம் வேண்டின், அவுரியிலிருந்து எடுத்த நீலக்கட்டியின் பொடி காரத்துக்கு அசையாமல் நிற்கும். அவுரி இலைப்பொடி அந்நிறத்தைத் தராது. சாப்பிரா விதையை எண்ணெயில் ஊறவைத்து வடித்தால் நல்ல ஆரஞ்சு நிறம் கிடைக்கும்.

தமிழ்நாட்டுக்கு மிகவும் ஏற்றது வெட்டிவேர். கடலூர் முதலிய கடற்கரைப் பகுதிகளின் மணற்பாங்கான நிலத்தில் இது பயிராகிறது. மண்போகப் பலமுறை அலசி, அரை அங்குலத் துண்டுகளாக நறுக்கி உலர்த்தி இட்டால், பார்வைக்கு அழகாயிருப்பதோடு அழுக்குத் தேய்க்கவும் உதவும். நிறம் மாறும் என்ற கவலையும் இதற்கு இல்லை.

அரளி, ஊமத்தை, எருக்கு ஆகியவை நஞ்சாகையால் அழகுக்காகவும் இவற்றைச் சேர்க்கலாகாது. பூச்சி மருந்து தெளித்த செடியின் பூவையும் விலக்கவேண்டும்.

வார்க்கும் வகை

ஒரு கிலோ அலங்காரச் சோப்புக்கு, தெளிவான கட்டி 700 கிராம், நன்றாக உலர்ந்த வீட்டுச் சோப்பு 300 கிராம், உலர்ந்த பூ அல்லது வேர் 5 கிராம், வாசனைத் தைலம் 7 கிராம் போதும். தைலம் எலுமிச்சம்புல்லோ, வெட்டிவேரோ, நீலகிரியோ ஆகலாம். உருக்கும் கட்டியின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்குக்குமேல் இடுவதனால் மணம் கூடுவதைவிடத் தோல் எரிச்சலே கூடும்.

தெளிவான கட்டியைச் சிறு துண்டுகளாக நறுக்கி ஒரு பாத்திரத்தில் இட்டு, அதனைக் கொதிநீருள்ள பெரிய பாத்திரத்தில் வைத்து உருக்கவேண்டும். நேர் தீயில் வைக்கலாகாது. சூடு 65 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும். கொதிக்கவிட்டால் நீர் வற்றி, நுரைத்து, தெளிவு கெடும். வேகமாகக் கலக்கினாலும் காற்றுக்குமிழ் ஏறிக் கண்ணாடித் தன்மை போய்விடும். உருகியதும் இறக்கி, தைலம் சேர்த்து, மெதுவாகக் கலக்கவேண்டும்.

அச்சில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, மேலே ஆடை கட்டியதும் பூவையும் சோப்புச் சீவல்களையும் அதன்மீது அமைக்கவேண்டும். பிறகு 50 முதல் 55 டிகிரி வரை ஆறிய மிச்சத்தை மெல்ல ஊற்றவேண்டும். அதிகச் சூட்டில் ஊற்றினால் கீழடுக்கு உருகிப் பூ மிதந்துவிடும். மிகவும் ஆறியபின் ஊற்றினால் இரண்டு அடுக்கும் ஒட்டாமல் பின்னர்ப் பிளந்துகொள்ளும். பூ கட்டியின் நடுவில் முழுவதும் மூழ்கியிருப்பதே நல்லது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இதழ், குளியலறை ஈரத்தில் முதலில் அழுகும்.

சில மணி நேரத்தில் கட்டி இறுகிவிடும். அச்சிலிருந்து எடுத்த அன்றே காற்றுப்புகாத மெல்லிய தாளில் சுற்றவேண்டும். சுற்றாமல் விட்டால், கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டியின்மேல் வியர்வைத் துளிகளைப் போல் நீர் நிற்கும். அது சோப்பு கெட்டதன் அடையாளமன்று. ஆயினும் வாங்குவோர் அதைக் குறையாகவே எண்ணுவர். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கடற்கரை ஊர்களில் வார்ப்பதை ஒத்திவைப்பது உத்தமம். அம்மாதங்களில் எண்ணெய்ச் சோப்பைச் செய்து உலர்த்த வைத்து, தை மாதத்தில் அலங்காரச் சோப்பை வார்க்கும்படி திட்டம் செய்துகொண்டால் பூவும் சுலபமாக உலரும்.

வரவு செலவு

சோப்புத் தொழிலில் இறங்கி நஷ்டப்படுவோர் பெரும்பாலும் சொந்த எண்ணெயை இலவசம் என்று கணக்கிடுகிறவர்களே. எண்ணெய் வீட்டினதாயினும், அன்றைய சந்தை விலையில் அதைச் செலவாக எழுதவேண்டும். அதனுடன் காரம், தெளிவான கட்டி, தைலம், தாள், அச்சுத் தேய்மானம், விறகு அல்லது எரிவாயு, ஸ்திரீகளின் உழைப்புக்கு அவ்வூர்க் கூலி ஆகியவற்றைக் கூட்டி, உடைவுக்கும் சிதறலுக்கும் ஒரு சிறு பங்கு சேர்க்கவேண்டும். ஒரு கிலோவில் 100 கிராம் கட்டிகள் பத்து வார்த்தாலும், கழிவு போக ஒன்பதே விற்பனைக்கு வரும் என்று வைத்துக்கொள்வது விவேகம். இவ்வாறு வரும் அடக்கவிலை, கடைச் சோப்பின் விலையைவிட அதிகமாகவே இருக்கும். ஆகையால் மலிவில் கடைச் சோப்போடு போட்டியிட முயல்வது வீண். கல்யாணத் தாம்பூலப் பை, கோயில் திருவிழாக் கடை, யாத்ரீகர் வந்து தங்கும் விடுதி முதலிய இடங்களிலேயே இதற்குத் தக்க கிரயம் கிடைக்கும். முதல் ஆண்டில் வீட்டுத் தேவைக்கு மட்டும் செய்து, கைப்பழக்கம் வந்தபின் விற்பனையை நினைப்பது போதும்.

விற்பனைக்குச் சட்டம்

சொந்த உபயோகத்துக்குச் செய்வதற்கு அனுமதி வேண்டுவதில்லை. விற்பதற்கு வேண்டும். மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம் 1940-இல் ஏற்பட்டது. அழகுசாதனம் என்பதில் சோப்பு அடங்காது என்று முன்னர் இருந்த விலக்கு 1982-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. இப்பொழுது அழகுசாதன விதிகள், 2020-இன் கீழ் மாநில உரிம அதிகாரியிடம் உற்பத்தி உரிமம் பெற்றே குளியல் சோப்பை விற்பனைக்குச் செய்யவேண்டும். சீட்டில் செய்தவர் பெயரும் விலாசமும், சேர்ந்த பொருள்களும், நிகர எடையும், உரிம எண்ணும், தொகுதி எண்ணும், உபயோகிக்கத் தக்க காலமும், அதிகபட்ச விலையும் இருத்தல் வேண்டும்.

வேம்பு சேர்த்திருப்பதால் சொறி தீரும், மஞ்சள் சேர்த்திருப்பதால் நிறம் வெளுக்கும் என்றெல்லாம் சீட்டில் அச்சிடுவது சிலர் வழக்கம். நோய் தீரும் என்று கூறிய மாத்திரத்தில் அப்பொருள் சட்டத்தின் பார்வையில் மருந்தாகிவிடுகிறது. அதற்கு உரிமமும் பரிசோதனையும் வேறு. அன்றியும், தேய்த்த ஒரு நிமிஷத்தில் நீரோடு போய்விடும் சோப்பு நோயைத் தீர்க்கும் என்று நம்பி வைத்தியரிடம் போகாமல் இருப்பவருக்கு நேரும் தீங்கு சிறிதன்று. பூவும் வேரும் அழகுக்கும், மணத்துக்கும், தேய்ப்புக்கும் சேர்க்கப்பட்டவை என்று உள்ளதை உள்ளபடி சொன்னாலே நல்ல சோப்பு விலைபோகும். புதிதாக உபயோகிப்போர் முதலில் முழங்கையின் உட்புறத்தில் தேய்த்து, ஒரு நாள் பொறுத்துப் பார்க்கும்படி சீட்டில் ஒரு வரி சேர்ப்பதும் நன்று.

கிராம அதிகாரிகள் செய்யக்கூடியவை

கிராமத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் இத்தொழிலைத் தொடங்கும்போது, கிராம அதிகாரிகள் மூன்று விஷயங்களை விசாரித்தறிவது உபகாரமாயிருக்கும். ஒன்று, காஸ்டிக் சோடா எங்கே, யார் பொறுப்பில், எவ்விதம் பூட்டி வைக்கப்படுகிறது என்பது. இரண்டு, வேலை செய்யும் இடத்தில் ஓடும் தண்ணீர் உண்டா என்பது. மூன்று, கடன் வாங்கி இயந்திரமும் அச்சும் வாங்குவதற்கு முன், ஒரு வார்ப்பாவது செய்து, மழைக்காலம் ஒன்றைக் கடந்து சோப்பு கெடாமல் நின்றதா என்பது. இம்மூன்றும் சரியாக இருந்தால் தொழில் நிலைக்கும். உரிமத்துக்கு வேண்டிய படிவங்களைப் பூர்த்தி செய்ய உதவுவதும், தனித்தனியே உரிமம் பெற இயலாத குழுக்களை ஒரே பொதுக் கட்டிடத்தில் கூடிச் செய்யும்படி தூண்டுவதும் அவர்களால் ஆகக்கூடியவையே.

மேற்கண்டவாறு நிறுத்து, உலர்த்தி, பொறுமையுடன் செய்யும் சோப்பு, எண்ணெய் வித்து விளைந்த வீட்டுக்கே அதன் கிளிசரினையும் மீட்டுத் தரும். தென்னையும் நிலக்கடலையும் உடைய குடியானவர்கள், இப்பருவத்தில் ஒரு கிலோ எண்ணெயை மட்டும் ஒதுக்கி இதைச் செய்து பார்த்து, தங்கள் கைக்கணக்கையும் குறித்து வைத்துக்கொண்டு, அதன்பின் மேலே செல்வார்களாக.